மிச்ச நாற்று

20 ஜனவரி 2025

கொல்லம் லோடு ஏழு மணிக்குக் கிளம்பியது. வெண்டை, புடலை, சுரை எல்லாம் பெட்டி நிறைய இருக்கிறது. தக்காளி மட்டும் பாதிதான். வண்டி புளியரை தாண்டுவதற்குள் நூருன்னிசா போன் போட்டுவிட்டாள். செங்கோட்டைப் பெண், கொல்லத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே மூன்று இயற்கைக் காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். பேச்சில் பாதி மலையாளம்.

"அண்ணாச்சி, தக்காளி இல்லாம நான் கடை தொறந்து வச்சு எந்தா காரியம்? வர்ற பெண்ணுங்க மொதல்ல தக்காளியத்தான் தொட்டுப் பாக்கும். அது கொள்ளாது, நல்லால்லன்னா மத்ததையும் எடுக்காம போயிரும்."

மறுத்துப் பேச ஒன்றுமில்லை. குற்றாலத்தில் சீசனுக்குத் தள்ளுவண்டியில் பழம் விற்ற நாளிலிருந்து நானும் இதைத்தான் பார்க்கிறேன். ஒரு சரக்குதான் ஆளை நிறுத்தும், மற்றதெல்லாம் அதன் முதுகில் ஏறிப் போகும்.

என் மண்டியில் வலது பக்கம் பச்சைப் பெட்டி, இடது பக்கம் சிவப்புப் பெட்டி. பச்சையில் மருந்து படாத காய். சிவப்பில் ஊர் உலகம் தின்கிற காய். வீடு கட்டியது சிவப்பில். ஆனால் யாராவது வந்தால் வலது பக்கம்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். போன கோடையில் வெள்ளை ஈ வந்து நாட்டுத் தக்காளி முழுக்கச் சுருட்டை பிடித்தது. இலை சுருண்டு, பூ கொட்டி, செடி வளராமல் குன்றி நின்றது. இந்தக் கோடையும் அப்படியே போனால் பச்சைப் பக்கத்தை மூட வேண்டியதுதான். யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு வழி இல்லை.

23 ஜனவரி

கடையம் போனேன். சுடலைமாடன் அண்ணன் வயலில் போன பட்டத்துச் செடி காய்ந்து நிற்கிறது. அவர் அதைப் பார்க்காமல் வரப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பக்கத்து வயக்காரன் மருந்து அடிக்கான். அவன் வயல்ல இருக்க ஈ எல்லாம் எங்கிட்டதாம்லே விருந்துக்கு வருது, முத்து."

"நீங்களும் ஒருவாட்டி அடிச்சா என்னண்ணே" என்று விளையாட்டுக்குக்கூட நான் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வயலில் மருந்து பம்பை முதுகில் கட்டியபடியே விழுந்தார். வாயில் நுரை. என் வண்டியில்தான் அள்ளிப் போட்டுக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவர் வீட்டுக்காரி உலகம்மை மதினி அன்றைக்கே அந்தப் பம்பைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள். "இனி இந்த வீட்டுல மருந்துன்னா அது காய்ச்சலுக்குக் குடிக்கதுதான்" என்றாள். அதற்குப் பிறகுதான் குழு. பதினாலு குடும்பம். ஒருவர் வயலை ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற குழு. ஒருத்தன் தப்பு செய்தால் பதினாலு பேருக்கும் இயற்கை விவசாயச் சான்று போய்விடும்.

தக்காளி போனால் குழு போகும். குழு போனால் அண்ணன் பம்பைத் தூக்குவார். வேறு தொழில் தெரியாது அவருக்கு. நான் பயப்படுவது இதற்குத்தான். லோடு எல்லாம் இதற்கு அப்புறம்.

26 ஜனவரி

சுந்தரபாண்டியபுரத்தில் குழுக் கூட்டம். ஜெஸியை நான்தான் அழைத்துப் போயிருந்தேன். ஆராய்ச்சி நிலையத்தில் தக்காளி ரகம் உருவாக்குகிற பெண். நம் பக்கத்துப் பிள்ளைதான். சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"காட்டுத் தக்காளி ஒண்ணு இருக்கு. சுருட்டை அதை ஒண்ணும் செய்யாது. அதோட மகரந்தத்தை எடுத்து நம்ம நாட்டுத் தக்காளிப் பூவுல கையால தடவுனேன். அதுல வந்த செடியத் திரும்ப நாட்டுத் தக்காளியோட சேத்தேன். அதுல வந்ததையும் திரும்ப அப்படியே. இப்போ புளிப்பு, தொலி, சாறு எல்லாம் நம்மளது. அந்தத் தாங்குற குணம் மட்டுந்தான் காட்டுத் தக்காளியோடது."

"அப்போ லேப் எதுக்கு?" என்றார் இசக்கிமணி. ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். மூன்று ஏக்கர். கேள்வி கேட்டால் இன்னும் ஸ்டேஷன் குரல்தான்.

"எந்த நாத்துக்கு அந்தக் குணம் வந்துருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது சார். இலைல ஒரு துணுக்கு வெட்டிட்டுப் போயி டெஸ்ட் பண்ணிப் பாப்போம். உள்ள எதையும் வைக்கதும் இல்ல, எடுக்கதும் இல்ல. பாக்கது மட்டும்தான்."

"ஏ, தக்காளிக்கு ரத்த டெஸ்டாம்லே!" பின்வரிசையில் ஒரு குரல்.

கூட்டம் சிரித்தது. நானும் எழுந்தேன். "தேங்காயைத் தட்டிப் பாத்துத்தான வாங்குதோம் சார். தட்டுனதால தேங்காய் மாறிருதா?"

"நீரு யாவாரி. தட்டுவீரு, தடவுவீரு. எனக்கு ரெண்டு கேள்விக்கு அந்தப் பிள்ளை பதில் சொல்லட்டும். ஒரே ஒரு குணத்தை நம்பி நிக்க செடிய நாளைக்கு நோய் மாறி வந்து அடிச்சா? இன்னைக்கு இலைய வெட்டிட்டுப் போறவன் நாளைக்கு விதைய எங்ககிட்ட வெல வச்சு வித்தா?"

இரண்டும் சரியான கேள்வி என்று ஜெஸியே ஒப்புக்கொண்டாள். நோய் மாறலாம், அதற்குச் சில வருஷம் ஆகலாம், அதற்குள் மண்ணையும் ஈயையும் நீங்கள்தான் சரிக்கட்ட வேண்டும் என்றாள். விதை உங்களுடையது, நீங்களே எடுத்து வைக்கலாம் என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். கூட்டத்தில் அது நல்ல குணம் இல்லை.

கடைசியில் சுடலையண்ணன், "எங்க வயல்ல ஒரு பத்து சென்டுல போட்டுப் பாப்போம். மருந்து இல்லாம நின்னா நம்ம ஜெயிச்சோம்" என்றார். இசக்கிமணி ஒரு நிபந்தனை போட்டார். சுருட்டை விழுந்தால் பாத்தி முழுக்கப் பிடுங்கி எரிக்க வேண்டும். அதற்குப் பிறகு லேப் விதை என்ற பேச்சே இந்தக் குழுவில் வரக்கூடாது. எல்லாரும் கை தூக்கினார்கள்.

28 ஜனவரி

நாற்றங்கால் சுடலையண்ணன் வயலிலேயே போட்டாயிற்று. நிலையத்தில் நாற்று வளர்த்தால் ரசாயன உரம் பட்டிருக்கும், குழு ஒத்துக்கொள்ளாது. அதனால் விதைத் தட்டு, மண்புழு உரம், பஞ்சகவ்யம் எல்லாம் மதினி கையில்.

17 பிப்ரவரி

ஜெஸி வந்து நாற்றின் இலையில் பொட்டு அளவு வெட்டி, சின்னச் சின்னக் குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு போனாள். தட்டில் ஒவ்வொரு குழிக்கும் எண். மதினி பக்கத்தில் நின்று, "வலிக்கப் போவுது, பாத்து வெட்டு தாயி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

24 பிப்ரவரி

ஜெஸிக்கு வெளியூர்க் கூட்டம். எண்களை போனில் அனுப்பிவிட்டாள். நாலில் ஒன்றுதான் தேறியது. அதை நட வேண்டும், மற்றதைக் குப்பைக் குழியில் போட வேண்டும். அண்ணன் இன்று இன்னொருவர் வயல் சோதனைக்குப் போயிருந்தார். மதினியே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு மண்டியில் வேலை. நல்ல காரியம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன்.

9 மார்ச்

செடி பிடித்துவிட்டது. நூருன்னிசாவுக்குப் படம் அனுப்பினேன். "சுந்தரிகளாயிட்டு நிக்குதே!" என்று பதில்.

30 மார்ச்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. வெள்ளை ஈ வந்துவிட்டது. செடியைத் தொட்டால் சாம்பல் மாதிரி கிளம்புகிறது.

அண்ணன் இன்னும் சிரிக்கிறார். "வரட்டும்லே. பாஸான புள்ளையளுக்குப் பரீட்ச எழுதப் பயமா?"

5 ஏப்ரல்

சுருண்டுவிட்டது.

6 ஏப்ரல்

நேற்று எழுத முடியவில்லை. பாத்தியில் ஒரு செடி பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது, அதை ஒட்டி நிற்கிற இரண்டு மூன்று சுருண்டு மஞ்சளாய்க் கிடக்கிறது. திரும்ப ஒன்று பச்சை. திரும்பச் சுருட்டை. நோய் இப்படித் தாவித் தாவிப் பிடித்து நான் பார்த்ததில்லை. ஜெஸியிடம் போனில் சொன்னேன். "அப்படி வர வாய்ப்பே இல்ல அண்ணாச்சி" என்றாள். வாய்ப்பு இல்லாததுதான் கண்முன் நிற்கிறது. புதன்கிழமை வருகிறேன், அதுவரை யாரும் எதையும் தொட வேண்டாம் என்றாள்.

7 ஏப்ரல்

தொட்டுவிட்டார்கள்.

இசக்கிமணி காலையிலேயே குழுவோடு கடையம் வந்துவிட்டார். பேச்சு என்றால் பேச்சு. பச்சையாக நின்ற செடியையும் சேர்த்துப் பிடுங்கினார்கள். மகரந்தம் மற்ற நாட்டுத் தக்காளியில் கலந்துவிடக் கூடாதாம். "புதன்கிழம வரைக்கும் பொறுங்க சார், அந்தப் பிள்ள வந்து பாக்கட்டும்" என்றேன்.

"குத்தம் நடந்த பொறவு தடயத்தை வச்சு என்ன வே செய்ய? கேஸ் முடிஞ்சிட்டு."

போலீஸ்காரர் பேசுகிற பேச்சா இது? அண்ணனே முதல் செடியைப் பிடுங்கினார். குழுவுக்குக் கொடுத்த வாக்கு. பச்சைச் செடி சட்டென்று எரியாது. புகைந்துகொண்டே கிடந்தது. மதினி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை.

9 ஏப்ரல்

ஜெஸி சாம்பலைப் பார்த்துவிட்டுப் போனாள்.

21 ஏப்ரல்

நூருன்னிசா தக்காளி ஆர்டரை நிறுத்திவிட்டாள். சண்டை போடவில்லை. "ஞான் என்ன செய்யும் அண்ணாச்சி" என்றாள். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

2 மே

சுரைக்காய் எடுக்கக் கடையம் போன இடத்தில் முப்பிடாதியம்மாள் வயலில் நின்றேன். மருந்து அடிக்கிறவன் வயலுக்கு எதிர்ப்பக்கம், அண்ணன் வயலை ஒட்டிய வயல், அவளும் குழுவில்தான். தன் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"ஜெஸி நாத்து ஜெஸி நாத்துன்னாவ. எனக்கும்லா வாரிச் சுருட்டிட்டுப் போயிட்டு."

"ஒங்களுக்கு ஏது ஜெஸி நாத்து?"

"உலகம்மக்காதான் குடுத்தா. மிச்ச நாத்து."

அப்படியே நின்றுவிட்டேன். மிச்சமா? தேறியது அவர்கள் பத்து சென்டுக்கே காணாது. மிச்சம் என்று ஒன்று இருந்தால் அது—

நேராக மதினியிடம் போனேன். கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள்.

"குழில போடுன்னுதான் சொன்னா அந்தப் பிள்ள. போடலாம்னுதான் தூக்குனேன் தம்பி. எல்லாம் தளதளன்னு நிக்கி. ஒண்ணுல ஒரு நோய் நொடி இல்ல. வேர் விட்ட நாத்தை எப்படிக் குழில போட? எங்கம்மை வீட்டுலயும் சரி, இங்கனயும் சரி, மிச்ச நாத்தை எறிஞ்சு நான் பாத்ததில்ல. பாத்தில எடவெளி கெடந்துது. அதுல நட்டேன். கேட்டவளுக்குக் குடுத்தேன். நாத்துக் கேட்டு வாரவளுக்கு இல்லைன்னு சொல்லலாமா?"

சொல்லக் கூடாதுதான். இந்தப் பக்கத்தில் எவளும் சொல்ல மாட்டாள். நாற்று நட்டு மிச்சமானால் அடுத்த வயல்காரிக்கு. காசு வாங்கக் கூடாது, வீசவும் கூடாது. எனக்குத் தெரியாத வழக்கமா?

ஆக, நோய் தாவித் தாவிப் பிடிக்கவில்லை. தேறாத நாற்று தாவித் தாவி நின்றிருக்கிறது. பச்சையாக நின்றதெல்லாம் ஜெஸி தேர்ந்தெடுத்தது. அதைத்தான் எரித்தோம்.

"அவ்வொகிட்ட சொல்லிராதிய தம்பி" என்றாள் மதினி. "மனுசன் தாங்க மாட்டாரு."

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

3 மே

ஜெஸியிடம் சொன்னேன்.

"ஒரே ஒரு தடவைதான் அண்ணாச்சி எறியணும்" என்றாள். "தேறுனதோட விதையில முளைக்கிறது அத்தனையும் தாங்கும். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் ஒரு நாத்தைக்கூட எறிய வேண்டாம். அதை நான் அந்த அக்காகிட்ட சொல்லலை. குழில போடுங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டேன்."

சோதனை தோற்றது என்று அவள் அறிக்கை மேலே போய்விட்டது. மாற்றி எழுத ஆதாரம் வேண்டும். சுருண்ட செடியில் ஒன்று, பச்சைச் செடியில் ஒன்று, காய்ந்த இலையாக இருந்தாலும் போதும், டெஸ்டில் தெரிந்துவிடும் என்றாள்.

4 மே

இலை தேடிப் போனேன். அம்பத்து மூணு வயசில், ஊரறிய மண்டி நடத்துகிறவன், சாம்பல் குழியில் குச்சியை விட்டுக் கிளறினேன். ஒன்றுமில்லை. முப்பிடாதியம்மாளிடம் கேட்டேன். பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டாளாம். நாற்று வாங்கிய மற்றவர்களும் அப்படித்தான், ஒருத்தி எரித்திருக்கிறாள், ஒருத்தி எருக்குழியில் போட்டு மக்கிப்போயிருக்கிறது. நாற்றை வீச மனசில்லாத ஊர், நோய் கண்ட செடியை மட்டும் ஒரு இலை விடாமல் துடைத்து வைத்திருக்கிறது.

11 மே

சொல்லிவிட்டேன்.

குழுக் கூட்டத்தில், அண்ணன் முன்னால், எல்லார் முன்னாலும். ராத்திரி முழுக்க யோசித்துத்தான் போனேன். மதினி மானம் போகும், உண்மை வெளியே வரும். உண்மை வந்தால் இன்னொரு பட்டம் போட்டுப் பார்ப்பார்கள், அண்ணன் பம்பைத் தொட வேண்டாம். வியாபாரத்தில் ஒன்றை விட்டால்தான் ஒன்று கிடைக்கும். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

இசக்கிமணி கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு சொன்னார்:

"சரி, நீரு சொல்லுதது நெசமாவே இருக்கட்டும். மிச்ச நாத்தைப் பக்கத்து வயக்காரிக்குக் குடுத்தாக் கெட்டுப்போற விதை என்ன வே விதை? நம்ம ஊர்ல எவ நாத்தத் தூக்கி எறிவா? எறியச் சொல்லுத வெவசாயம் நமக்குத் தோதுப்படாது."

"ஒரே ஒரு தடவதான் சார்—"

"ஆதாரம் இருக்கா?"

இல்லை.

"ஒரு பொம்பளை மேல பழியப் போட்டுச் சரக்கைக் காப்பாத்தப் பாக்கீரு. யாவாரி புத்தி."

எறிய மனசில்லாத ஊர் என்பதில் அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அண்ணன் எழுந்தார். என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு வந்து எங்கிட்ட மட்டும் சொல்லிருக்கலாம்லாலே" என்றார். அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தார். என் வண்டியில் வந்தவர், கடையத்துக்குப் பஸ்ஸில் போனார்.

முதலில் அவரிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் சபையில் சொல்ல விடமாட்டார் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன். கணக்கு தப்பிவிட்டது.

12 மே

என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் கேட்டாள். "அந்த அக்கா ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சா? நாத்தை வாழ வைக்க நெனச்சது தப்பா?"

தப்பு என்று யார் சொன்னது?

30 மே

ஜெஸிக்கு மாற்றல். சிறுதானியத் திட்டமாம். தக்காளி வேலை அத்தோடு முடிந்தது. போன வாரம் போகும் வழியில் மண்டிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்சம் விதை குளிர் அறையில் இருக்கிறது, மறுபடி முளைக்க வைத்து டெஸ்ட் பண்ணித்தான் பிரிக்க வேண்டும். "குழு ஒரு கடுதாசி எழுதிக் கேட்டா யாராவது எடுத்துச் செய்வாங்க அண்ணாச்சி."

குழு கேட்காது. நான் தனியாக எழுதினேன். விவசாயக் குழு மூலமாக விண்ணப்பிக்கவும் என்று இன்று இரண்டு வரி பதில் வந்தது.

14 ஜூன்

சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். வருஷா வருஷம் முதல் தண்ணிக்கு நானும் சுடலையண்ணனும்தான் போவோம். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மிளகாய் பஜ்ஜி. இந்த வருஷம் போகவில்லை. அவர் போனாரா, தெரியாது.

24 ஜூன்

தென்காசி விதைக் கடையில் சுடலையண்ணனைப் பார்த்தேன். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். கையில் ஹைபிரிட் தக்காளி விதைப் பாக்கெட். பளபளவென்று படம். 'சுருட்டை தாங்கும்' என்று பெரிய எழுத்து.

குழுவிலிருந்து விலகிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். விற்க வழியில்லாமல் எத்தனை நாள் உறுதியோடு இருப்பார்?

கடைக்காரன் சுப்புவிடம் நான்தான் கேட்டேன், அவர் காதில் விழட்டும் என்றே. "தாங்கும்னு போட்டிருக்கானே, எப்படி வே தெரியும்?"

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய. கம்பெனில நாத்தோட இலைய வெட்டி டெஸ்ட் பண்ணி, தேறாததக் கழிச்சுட்டுத்தான விடுதான். இப்ப எல்லாம் அப்படித்தாம்லா."

அண்ணன் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதல் முறையாக என்னிடம் பேசினார்.

"இதுக்கு எவனும் கூட்டம் போடலல்லா, முத்து."

பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

போன பிறகு சுப்பு சொன்னான்: "சுருட்டைதான் தாங்கும். காய்ப்புழுவுக்கு அடிச்சுத்தான் ஆவணும். மருந்தும் பம்பும் நம்மகிட்டயே வாங்கிக்கிடுதேன்னுருக்காரு."

15 ஜூலை

பச்சைப் பக்கம் வாரம் ஒரு லோடு. வெண்டையும் சுரையும். பாதி வண்டி காலியாகப் போகிறது.

4 ஆகஸ்ட்

நூருன்னிசா இனி மைசூர்ப் பக்கமிருந்து எடுக்கிறாளாம். வெண்டை, சுரை எல்லாமே. ஒரே வண்டியில் எல்லாம் வந்துவிடுகிறதாம். அழுகிற குரலில் சொன்னாள். நான் அவளைச் சமாதானம் செய்தேன். பச்சைப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து அடுக்கச் சொல்லிவிட்டேன்.

17 ஆகஸ்ட்

குழுவில் இப்போது ஆறு பேர். இசக்கிமணி இன்னும் இருக்கிறார். அவருக்குப் பென்ஷன் வருகிறது. கோபத்தில் எழுதவில்லை, உள்ளதைத்தான் எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, "உம்ம ஆளு பம்பு வாங்கிட்டானாமே" என்றார். கெத்தாகச் சொல்லவில்லை. கண்ணைப் பார்க்காமல் சொன்னார். நானும் பஸ் பலகையைப் பார்த்துக்கொண்டே ஆமாம் என்றேன்.

3 செப்டம்பர்

ஓணம் லோடு. சிவப்புப் பெட்டி பத்தாமல் வாடகைக்கு எடுத்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஓணம் பார்த்ததில்லை. நல்ல லாபம். எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

21 செப்டம்பர்

கனவில் சாம்பல் குழியைக் கிளறுகிறேன். கிளறக் கிளறப் பச்சை இலையாக வருகிறது. விழித்ததும் சிரிப்புதான் வந்தது. எவனிடம் கொண்டு போய்க் கொடுப்பேன் அதை?

9 அக்டோபர்

காலையில் மண்டி வாசலில் ஒரு லோடு ஆட்டோ. சுடலையண்ணன் இறங்கினார். மே மாசத்துக்குப் பிறகு என் மண்டிக்குள் அவர் கால் வைப்பது இன்றுதான்.

"மத்த மண்டிக்காரன் எடைல அடிக்கான்" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்னால்.

மதினி ஆட்டோவுக்குள்ளேயே இருந்தாள். "உள்ள வாங்க மதினி" என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஒரு பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் வலது பக்கம் திரும்பினார். அங்கே பச்சைப் பெட்டியெல்லாம் கவிழ்த்து வைத்தது வைத்தபடி. கொஞ்சம் நின்றார். இடது பக்கம் போய் இறக்கினார்.

நல்ல காய். ஒரே அளவு, ஒரே சிவப்பு. அவர் சட்டையில் மருந்து வாடை.

"யாருண்ணே அடிக்கா?"

"ஆளு கெடைக்கல. நான்தான்."

"மூஞ்சில துணி கட்டிக்கிடுதியளா?"

"அவதான் கட்டிவிடுதா."

எடை போட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். டீ வாங்கி வரச் சொன்னேன். குடிக்கிறதுக்கு முன்னால் சோப்பு இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். குழாயடியில் உட்கார்ந்து முழங்கை வரைக்கும் தேய்த்தார், கழுவினார், முகர்ந்து பார்த்தார், மறுபடி தேய்த்தார். வெளியே ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.

டீ ஆறிவிட்டது. அவர் இன்னும் கையைத்தான் கழுவிக்கொண்டிருந்தார்.